செல்லாக் காசும் தீராக் கடனும்

மதரசாவில் ஃபிக்ஹுப் பாடத்தில் 'ஃபுலூஸ்' என்னும் சொல் வரும்போது, ஒரு சிறு நாணயத்தை எடுத்துக் காட்டி விளக்குவது நம் வழக்கம். அண்மையில் நாம் காட்டிய 25 பைசாவை மாணவர்கள் ஏதோ வெளிநாட்டு நாணயம் என்றே எண்ணினர். அதில் வியப்பில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் நம் நாட்டில் செல்லாதவை ஆயின.

ஃபுலூஸ் என்பது செப்புக் காசு. பொன் தீனாருக்கும் வெள்ளித் திர்ஹமுக்கும் அவற்றின் உலோகமே மதிப்பு. செப்புக் காசுக்கோ மக்கள் அதை ஏற்றுக்கொள்வதே மதிப்பு. அந்த ஏற்பு நின்றுவிட்டால் கையில் எஞ்சுவது வெறும் செம்பு. அப்படியானால், நேற்று கடனாக வாங்கிய காசு இன்று வழக்கொழிந்து போனால், வாங்கியவர் எதைத் திருப்பித் தருவது?

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் நம் இமாம்கள் இதை ஆழ்ந்து ஆராய்ந்தனர். அதே வகைக் காசைத் தந்தால் போதும் என்றார் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). கடன் பெற்ற நாளின் மதிப்பைத் தர வேண்டும் என்றார் அவருடைய மாணவர் அபூ யூசுஃப் (ரஹ்). புழக்கத்திலிருந்த கடைசி நாளின் மதிப்பே சரி என்றார் மற்றொரு மாணவர் முஹம்மத் (ரஹ்). ஆட்சியாளர் காசை ஒழித்தாலும், கொடுத்த அதே வகைக் காசே உரியது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. விடைகள் வேறுபட்டாலும், சில்லறைதானே என்று இவர்களில் ஒருவரும் அந்தக் கடனைத் தள்ளிவிடவில்லை.

நம் நாட்டில் இந்தக் கணக்கு பெரிய அளவில் எழுந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. அதுவரை ஒரு ரூபாய் 16 அணா. ஓர் அணா 12 தம்பிடி. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய நாணயங்களும் சில காலம் உடன் செல்லுமாறு அரசு ஏற்பாடு செய்ததால் யாருடைய கடனும் அழியவில்லை. பின்னத்தில்தான் சிக்கல். ஓர் அணாவுக்குச் சரியாக 6.25 பைசா, மாற்றுப் பட்டியலிலோ 6 பைசா. அணா அணாவாகப் பதினாறு முறை வாங்கியவர் 96 பைசா கொடுத்தால் போதும். விற்றவருக்கு 4 பைசா நட்டம். விற்பவர் அதையே 7 என்று ஏற்றிக்கொண்டால் வாங்குபவருக்கு 12 பைசா நட்டம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே முழுமையாக்குவதால் வரும் வினை இது. மொத்தத் தொகையில் ஒரே முறை செய்தால் இது நேராது.

பின்னர் விலைவாசி ஏறியது. ஒரு பைசா மெலிந்தது. வெண்கலத்தில் பிறந்து, நிக்கல் பித்தளைக்கு மாறி, 1960களின் நடுவில் அலுமினியமாயிற்று. (தம்பிடி மட்டும் இன்னும் பேச்சில் வாழ்கிறது, கையில் ஒரு தம்பிடி இல்லை என்போர் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை.) 2010 டிசம்பரில் அறிவித்து, 2011 ஜூன் 29 வரை வங்கிகளில் மாற்றிக்கொள்ள அவகாசம் தந்தே அரசு சிறு நாணயங்களைத் திரும்பப் பெற்றது. முறையான செயல்தான், ஆயினும் உண்டியலில் சேர்த்து வைத்து மறந்துபோன ஏழைக்கு அந்தத் தேதி எட்டியிருக்குமா என்பது வேறு கேள்வி.

இன்று கடைசிப் படியில் நிற்பது 50 பைசா. சட்டப்படி 10 ரூபாய் வரை அதைக் கொண்டே கொடுக்கலாம். கடைத்தெருவிலோ அதை வாங்குவார் அரிது. ஹனஃபி நூல்கள் ஒரு காசு செத்ததா என்பதை அரசாணையை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. எல்லா ஊர்களிலும் மக்கள் அதைக் கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்வதை விட்டார்களா என்றே பார்த்தன. அந்த அளவுகோலில் 50 பைசாவின் நிலை பரிதாபமானது.

எனவே அதை நிறுத்துவதே நலம் என்பது நம் கருத்து. ஆனால் அது ஆணையின்றி, கடைக்காரர்களின் மறுப்பால் மட்டும் சாகக் கூடாது. கனடா நாடு 2013 பிப்ரவரி 4 அன்று ஒரு சென்ட் நாணயத்தின் விநியோகத்தை நிறுத்தியது. அதை அச்சிட 1.6 சென்ட் செலவாகிக்கொண்டிருந்தது. ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும், வரி உட்பட்ட மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்டுக்கு ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என வழிகாட்டினர். ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு.

நம் கடைகளிலோ பெரும்பாலும் ஏறுவது மட்டுமே. அல்லது, மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கைக்கு வருகிறது. விற்பனைக்கு இருவரின் பொருத்தமும் வேண்டும் எனப் பாடம் நடத்தும் நாம், கேட்காமல் திணிக்கப்பட்ட அந்த மிட்டாயை எந்த வகை வியாபாரம் என்று மாணவர்களுக்குச் சொல்வது? "ஐம்பது பைசா இல்லை, விட்டுத் தருகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலோர் மனமுவந்து விட்டுவிடுவர்.