சித்தூரில் இருந்து ராமேஸ்வரம் தீவுக்கு: வாடகைக் கார் இல்லாமல் சென்று வருவது எப்படி?

சித்தூர் (பாலக்காடு): கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் எல்லையோரப் பகுதிகளிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ராமேஸ்வரம் வெறும் சுற்றுலாத் தலம் அல்ல. ஆடி, தை அமாவாசை நாள்களில் முன்னோருக்குத் திதி கொடுக்கவும், தீர்த்தமாடவும் தலைமுறைகளாக அவர்கள் செல்லும் ஊர் அது. ஆனால் வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல வேண்டும் என்றாலே வாடகைக் கார் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் பயணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகின்றனர். ரயிலையும் அரசுப் பேருந்தையும் மட்டும் நம்பி இந்தத் தீவுக்குச் சென்று திரும்ப முடியுமா? முடியும். அதற்கான வழிமுறைகளை இங்கே காணலாம்.

மீண்டும் கிடைத்த நேரடி ரயில்

மீட்டர்கேஜ் காலத்தில் பாலக்காட்டில் இருந்து பொள்ளாச்சி, பழனி, மதுரை வழியாக ராமேஸ்வரத்துக்கு நேரடி ரயில் வசதி இருந்தது. அகலப்பாதைப் பணிகளால் அந்தத் தொடர்பு அறுந்தது. பாலக்காடு - பொள்ளாச்சி பாதை 2008-ஆம் ஆண்டு மூடப்பட்டு, 2015-ஆம் ஆண்டு தான் மீண்டும் திறக்கப்பட்டது. பாதை திரும்பி வந்த பிறகும் ராமேஸ்வரத்துக்கான நேரடி ரயில் உடனே வரவில்லை.

இந்த நிலை 2025 அக்டோபரில் மாறியது. திருவனந்தபுரம் - மதுரை இடையே இயங்கி வந்த அமிர்தா எக்ஸ்பிரஸ் (16343/16344) ராமேஸ்வரம் வரை நீட்டிக்கப்பட்டது. இந்த ரயில் பாலக்காடு டவுன், கொல்லங்கோடு, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் வழியாகச் செல்கிறது. சித்தூர்வாசிகளுக்கு மிக அருகில் உள்ள நிறுத்தம் கொல்லங்கோடு.

நீட்டிப்பின்போது வெளியான அட்டவணையின்படி, திருவனந்தபுரத்தில் இரவு 8.30 மணிக்குப் புறப்படும் ரயில் மறுநாள் பகல் 12.45 மணிக்கு ராமேஸ்வரம் சென்றடையும். மறுமார்க்கத்தில் ராமேஸ்வரத்தில் இருந்து பிற்பகல் 1.30 மணிக்குப் புறப்படும். அதாவது, போன ரயிலிலேயே மறுநாள் திரும்புபவருக்குத் தீவில் ஏறத்தாழ ஒரு முழு நாள் கிடைக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. போகும்போது ரயில் கொல்லங்கோட்டைக் கடப்பது அதிகாலையில், திரும்பும்போது இரவில். அந்த நேரங்களில் சித்தூர் - கொல்லங்கோடு இடையே பேருந்தை நம்பியிருக்க முடியாது. முதியவர்களுடன் செல்வோர் உள்ளூர் ஆட்டோ ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. சுமார் 13 கி.மீ. தொலைவுக்கான இந்த ஏற்பாடுதான் முழுப் பயணத்திலும் தவிர்க்க முடியாத ஒரே தனியார் வாகனச் செலவு.

பேருந்தில் செல்வோருக்கு

ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி சென்று, அங்கிருந்து பழனி, திண்டுக்கல் மார்க்கமாக மதுரையை அடையலாம். இந்தப் பேருந்துகள் மதுரையில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வந்து சேரும். ராமேஸ்வரம் பேருந்துகளோ மாட்டுத்தாவணியில் இருந்து புறப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. மதுரையில் இருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ.; பேருந்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்.

இடுக்கி மாவட்டத்தினருக்கும் மதுரையே திருப்புமுனை. மூணாறு, தேவிகுளம் பகுதியினர் போடிநாயக்கனூர் வழியாகவும், பீர்மேடு, குமுளி பகுதியினர் கம்பம், தேனி வழியாகவும் மதுரைக்கு வரலாம். அகலப்பாதையாக மாற்றப்பட்ட மதுரை - போடி பாதையில் 2023 ஜூன் முதல் போடி வரை ரயில் இயங்குகிறது. மூணாறு, போடி, மதுரை வழியாகச் செல்லும் சாலை முன்பு கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை (பழைய எண் 49) என்றே அழைக்கப்பட்டது.

பாலமே தீவின் உயிர்நாடி

மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைக்கும் பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய பெரும் புயலில் பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் ரயிலைக் கடல் அடித்துச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாலமும் பலத்த சேதமடைந்தது. அதை 46 நாள்களில் சீரமைத்த பணிக்குத் தலைமை தாங்கிய இளம் பொறியாளர், பின்னாளில் 'மெட்ரோ மனிதர்' எனப் பெயர் பெற்ற இ.ஸ்ரீதரன். அவர் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

சாலைப் பாலம் 1988-ஆம் ஆண்டு திறக்கப்படும் வரை தீவுக்குப் பேருந்தே கிடையாது. ரயிலையும் படகையும் விட்டால் வேறு வழியில்லை. 2022 டிசம்பரில் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, இந்தச் சாலைப் பாலம்தான் கைகொடுத்தது. ரயில் பயணிகள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் பேருந்து ஏறினர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த இந்த நிலை, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலத்தைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்ததும் முடிவுக்கு வந்தது. ரூ.550 கோடிக்கும் மேற்பட்ட செலவில் கட்டப்பட்ட இப்பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல்கள் கடக்கும்போது செங்குத்தாக மேலே உயர்கிறது.

புயல் எச்சரிக்கை, பலத்த காற்று ஆகியவற்றின்போது பாலத்தில் ரயில்கள் நிறுத்தப்படலாம். எனவே மழைக்காலத்தில், குறிப்பாக நவம்பர், டிசம்பர் மாதங்களில் செல்வோர், பேருந்தில் திரும்பும் வழியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தீவுக்குள் ஒரு நாள்

ராமேஸ்வரம் ரயில் நிலையத்தில் இருந்து ராமநாதசுவாமி கோயில் சுமார் 1.5 கி.மீ.; பேருந்து நிலையத்தில் இருந்து சுமார் 2 கி.மீ. பேருந்து நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையே நகரப் பேருந்துகள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

பகல் 12.45 மணிக்கு வந்து இறங்குவோர் உடனே தரிசனத்துக்கு விரைய வேண்டியதில்லை. கோயில் நடை பொதுவாகப் பிற்பகல் 1 மணி முதல் 3 மணி வரை சாத்தப்பட்டிருக்கும். தங்குமிடத்தில் பைகளை வைத்துவிட்டு, அந்தப் பிற்பகலைத் தனுஷ்கோடிக்கு ஒதுக்கலாம்.

ராமேஸ்வரத்தில் இருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள அரிச்சல்முனை வரை அரசுப் பேருந்து செல்கிறது. முகுந்தராயர் சத்திரம் முதல் அரிச்சல்முனை வரையிலான 9.5 கி.மீ. சாலை 2017-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு மணலில் செல்லும் வேன், ஜீப்புகளே கதி என்ற நிலை இருந்தது. வழியில், 1964 புயலில் தப்பி நின்ற கோதண்டராமர் கோயிலையும், புயலில் சிதைந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் எச்சங்களையும் காணலாம். இங்கிருந்துதான் 1914 முதல் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. சென்னையில் ரயில் ஏறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்த காலம் அது.

தனுஷ்கோடிப் பேருந்தில் ஏறும்போதே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதை நடத்துநரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். மாலைக்குப் பின் அங்கு தங்க அனுமதி இல்லை. அரிச்சல்முனையில் கடலின் இழுப்பு வலுவானது என்பதால் குளிக்க இறங்கக் கூடாது.

மறுநாள் அதிகாலை கோயிலின் கிழக்கே உள்ள அக்னி தீர்த்தக் கடலில் நீராடி, திதி கொடுத்து, கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் தீர்த்தமாடி, தரிசனத்தை முடித்துவிடலாம். ஈர உடையுடன் சன்னிதிக்குள் செல்ல முடியாது. மாற்று உடை கையில் இருக்க வேண்டும். நேரம் மிஞ்சினால், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ.அப்துல் கலாமின் இல்லத்தைக் கோயில் பகுதியில் இருந்து நடந்தே சென்று பார்க்கலாம். பேய்க்கரும்பில் உள்ள அவரது நினைவிடம் பாம்பன், ராமநாதபுரம் செல்லும் பேருந்துகளின் வழியிலேயே உள்ளது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

- ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது. அமாவாசை நாள்களுக்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும்.
- ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும். அதே நாள்களில் கோயிலைச் சுற்றிப் போக்குவரத்து மாற்றங்கள் இருக்கும் என்பதால் சிறிது தூரம் நடக்க நேரிடும்.
- நடக்க இயலாத முதியவர்கள் உடன் வந்தால், கூட்டம் குறைந்த சாதாரண அமாவாசை நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.
- ரயில் நேரங்கள் மாறக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முன் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.