டின் பாலும் தண்ணீர்ப் பந்தலும்



இந்த வருஷம் தைப்பூசப் பந்தல்ல டின் பால் ஊத்தின சிரப் தண்ணி ஏன் இல்லைன்னு பலர் கேட்டீங்க. ஒரு கம்பெனி இலவசமா பானம் தர முன்வந்தது உண்மைதான். கூடவே அவங்க பேனரைக் கட்டணும், ‘சத்துணவு’ பற்றி அவங்க அச்சடிச்ச துண்டறிக்கையை பக்தர்களுக்குக் கொடுக்கணும்னாங்க. நன்றி சொல்லி வேண்டாம்னுட்டோம். ஏன்னு சொல்ல, நம்ம பழைய கதைக்குப் போகணும்.

கூலிம், பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கத் தோட்டங்களில் நம்ம பாட்டிமார் விடியுமுன்னே பால்மரம் வெட்டக் கிளம்பிடுவாங்க. கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் கிடக்கும். தாய்ப்பால் கொடுக்க நேரமில்லாத அந்த இடத்தில்தான் டின் பால் வந்து உட்கார்ந்தது. நெஸ்லேயோடு இணைந்த ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் கம்பெனி 1912-லேயே பக்கத்துப் பினாங்கில் வியாபாரம் தொடங்கிவிட்டது. இனிப்புக் கெட்டிப்பாலில் கிட்டத்தட்ட பாதி சீனி. கொழுப்பு எடுத்த வகையில் வைட்டமின் ஏ, டி-யும் போய்விடும். குழந்தையின் கண்ணும் எலும்பும் அதனால் பாதிக்கப்படும்.

இதை மேடை ஏறிச் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்து, 1936-ல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தவர். தாதி மாதிரி உடுத்திய பெண்களை கம்பெனிகள் வீடு வீடாக அனுப்பி, தாய்மாரை டின் பாலுக்கு மாற்றியதை அவர் கண்ணால் பார்த்தார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். தவறான விளம்பரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலையாகவே பார்க்கணும் என்பதுதான் அவர் வாதம்.

உலகம் காது கொடுக்க நாற்பது வருஷம் ஆச்சு. பினாங்கின் அன்வர் ஃபசல் போன்றவர்கள் 1979-ல் குழந்தை உணவுக்கான அனைத்துலக அமைப்பைத் தொடங்கினாங்க. 1981-ல் உலக சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் உணவுகளின் விளம்பரத்துக்கும் இலவச மாதிரிக்கும் எதிராக விதிமுறை கொண்டுவந்தது. ஆதரவு 118 நாடுகள். எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா மட்டும்தான்.

அதோடு கதை முடியலை. தாதி உடுப்பு போய், ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. 1967-ல் அமெரிக்காவில் சீனித் தொழில்துறை காசு கொடுத்து ஹார்வர்ட் ஆய்வாளர்களை எழுத வைத்தது. இதய நோய்க்குப் பழி கொழுப்பின்மேல் விழுந்தது, சீனி தப்பிச்சது. காசு வந்த வழி 2016-ல்தான் அம்பலமானது. நம்ம நாட்டிலும், காலையில் மால்ட் பானம் குடிக்கும் பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்ற ஆய்வுக்கு நெஸ்லே பணம் கொடுத்ததையும், வெளியாகுமுன் அதைப் படித்துப் பார்த்ததையும் 2017-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கம்பெனிகளோடு சேர்ந்து வேலை செய்யலைன்னா ஒண்ணுமே செய்ய முடியாதுன்னு ஆய்வாளர் தரப்பு பதில் சொன்னது. அதிலும் ஒரு நியாயம் இருக்கு. ஆனா காசு கொடுத்தவரே விடைத்தாளைப் பார்த்தால், படிக்கிற நாம ஒரு தடவை யோசிக்கணும் இல்லையா?

2019 தேசிய சுகாதார ஆய்வில் ஐந்து பெரியவர்களில் கிட்டத்தட்ட ஒருத்தருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் நம்ம சமூகம்தான் முன்வரிசை. டயாலிசிஸ் முடிச்சிட்டு வந்து, ஊசி குத்திய கையோட சாமி கும்பிடும் பெரியவங்களை வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறோம். அவங்க கையில் இனிப்புத் தண்ணியைக் கொடுத்து, அதைப் பிரசாதம்னு சொல்ல எங்களுக்கு மனசு வரலை.

இனிப்பை யாரும் விஷம்னு சொல்லலை. பொங்கலும் பஞ்சாமிர்தமும் வழக்கம்போல உண்டு. ஆனா தாகத்துக்கு இனி நீர்மோரும் பச்சைத் தண்ணியும்தான். மோர் கடைய ஆள் போதலை. வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மடப்பள்ளிக்கு வாங்க.

அன்புடன்,
கோயில் தொண்டூழியர்கள்