நால்வர் காத்த நாடக சபை

நாடகக்காரன் என்றால் குடியிருக்க வீடு கொடுக்கவும் தயங்கி, கொட்டகைக்குள் அவன் பாட்டுக்கு உருகியவர்களே வெளியில் அவனைக் கூத்தாடி என்று ஒதுக்கிய அந்நாளில், தாமே ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டி வந்த கண்ணுசாமிப் பிள்ளை தம் புதல்வர்களையும் அத்தொழிலுக்கே ஒப்புவித்தார். 1918-இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய மூவரும் சேர்ந்தபோது சண்முகத்துக்குப் பிராயம் ஆறு. இளையவரான பகவதி பின்னர் வந்து சேர்ந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பிற்காலத்தில் பிரசித்தி பெற்றவர்கள் இந்நால்வரே.

பெரிய நடிகர்களின் ஒழுங்கீனத்தைக் கண்டு சலித்த சுவாமிகள், சிறுவர்களைப் பழக்கினால்தான் நாடகம் உருப்படும் என்று கருதியே பால சபையை அமைத்தார். அங்கே பாடமும் பாட்டும் மனனமாகும் வரையில் வாத்தியாரின் பார்வை விலகாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் எல்லாம் பையன்களே. மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டாலோ, நேற்று வரை கொட்டகையைக் கட்டியாண்ட பிள்ளைக்கு இன்று வேஷமில்லை. அந்தக் கண்டிப்புக்கு நடுவிலும் குருவின் வாத்ஸல்யம் எத்தகையது என்பதற்குச் சண்முகத்தின் அனுபவமே சாட்சி: அவருக்கென்றே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை, வசனமும் பாட்டுமாக, ஒரே இரவில் எழுதி முடித்தாராம். அத்தகைய மேதை பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922-இல் புதுச்சேரியில் காலமானார் என்பதை நினைக்கையில் இன்றும் மனம் கனக்கிறது.

1925-இல் சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினர். புராண நாடகங்களிலேயே ஊறியிருந்த அவர்களுக்கு எம். கந்தசாமி முதலியார் சமூக நாடகத்தின் சுவையைக் காட்டினார். வெ. சாமிநாத சர்மாவின் தடைக்குள்ளான பாணபுரத்து வீரன் என்ற நாடகத்தைத் தேசபக்தி என்ற பெயரில் அவர்கள் மேடையேற்றிய துணிவை வேறெந்தக் கம்பெனியிடமும் எளிதில் எதிர்பார்த்திருக்க முடியாது. 1935-இல் ராஜா சாண்டோவின் டைரக்‌ஷனில் மேனகாவும், 1941-இல் முத்துசாமி வங்காளக் கதையொன்றைத் தழுவி எழுதிய குமாஸ்தாவின் பெண்ணும் திரைக்கு வந்தன. சினிமா வந்தபின் எத்தனையோ கம்பெனிகள் சீன்களையும் படுதாக்களையும் விற்றுவிட்டுக் கலைந்துபோக, இவர்கள் சினிமாவுக்குப் போய் மீண்டும் மேடைக்கே திரும்பியதுதான் என் கருத்தில் இக்குடும்பத்தின் தலையாய பெருமை. 1944-இல் ஈரோட்டில் நாடகத்துக்கென்றே ஒரு மாநாடு கூட்டியதும் மேடை மீதுள்ள அந்தப் பற்றினால்தான்.

சண்முகத்தின் நடிப்புக்குச் சான்றாக ஔவையார் நாடகம் ஒன்றே போதும். 1942-இல், முப்பது வயதான ஆண்மகன், கூனிய முதுகும் கோலுமாய், தளர்ந்த நடையும் கனிந்த குரலுமாய் மேடைக்கு வந்தபோது, ஜனங்கள் சண்முகத்தை மறந்து தமிழ்ப் பாட்டியையே கண்டார்கள். ஔவை என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதே அவதாரத்தைப் பின்னர், 1953-இல், திரையில் எடுத்தவர் கே.பி. சுந்தராம்பாள். பகவதிக்கோ அரு. ராமநாதனின் ராஜராஜ சோழன் நாடகம் அத்தகைய கீர்த்தியைத் தந்தது.

இக்குடும்பத்தின் சொத்து இவர்கள் பழக்கிய நடிகர்களே. என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி, எஸ்.எஸ். ராஜேந்திரன், ஏ.பி. நாகராஜன் ஆகிய அனைவரும் இச்சபையில் வளர்ந்தவர்கள். பிற்காலத்தில் சிறுவன் கமல்ஹாசனும் இங்கே பயின்றான். 1973 பிப்ரவரி 15 அன்று சண்முகம் மறைந்தார். அவ்வாண்டே ராஜராஜ சோழன் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. அதை இயக்கியவர் அதே நாகராஜன். சென்னையில் லாயிட்ஸ் சாலை இன்று அவ்வை சண்முகம் சாலை என வழங்குகிறது. அச்சாலையில் நாள்தோறும் போய்வரும் அன்பர்கள், அவர் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலை ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.