சேர்த்துவைப்பதும் பிரித்துவைப்பதும்: வட சிலாங்கூர்த் தோட்டக் குடும்பங்களும் மணவிலக்குச் சமரசமும்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் மணவாழ்வை ஆளும் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கிய அச்சட்டம், கணவனோ மனைவியோ தனித்து மணவிலக்குக் கோரும்போது, உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கு முன் பிணக்கை ஓர் இணக்க அமைப்பின் முன் வைக்க வேண்டும் என்று 106ஆம் பிரிவில் விதித்தது. இணக்க அமைப்பு என்பது தேசியப் பதிவிலாகாவின் திருமண நடுவர் மன்றமாக இருக்கலாம். ஒரு சமயமோ சமூகமோ சங்கமோ இதற்கென நிறுவிய மன்றமாகவும் இருக்கலாம். ஆறு மாதங்களுக்குள் தம்பதியரை மீண்டும் சேர்த்துவைக்க இயலாவிட்டால், அது இயலவில்லை என்று சான்றிதழ் தருவதே அதன் கடமை. பிரிவு உறுதியான பின் பிள்ளை யாரிடம் வளர்வது, செலவை யார் ஏற்பது, வீடு யாருக்கு என்பவற்றை நடுநிலையாளர் ஒருவரின் துணையோடு இருவருமே பேசி முடிவுசெய்யும் சமரசம் இந்த ஏற்பாட்டின் மையத்தில் இல்லை. கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டக் குடும்பங்களை மிகுதியாகத் தாக்குவது இந்த இடைவெளியே. எனினும் அதை அடைப்பதற்கான வழி அதே 106ஆம் பிரிவுக்குள்ளேயே, பெரும்பாலும் கவனிக்கப்படாமல், இருக்கிறது.

தோட்டத்து மணமுறிவு நகரத்து மணமுறிவிலிருந்து வேறுபடுவதற்கு முதற்காரணம் வீடு. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (2007க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை) ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தொழிலாளி குடியிருக்கும் வீடு அவருடைய சொத்தன்று. அது வேலையோடு வந்து வேலையோடு போவது. சட்டத்தின் 76ஆம் பிரிவு மணவாழ்வில் ஈட்டிய சொத்தைப் பங்கிட வழிசெய்தாலும், பங்கிடுவதற்கு வீடே இல்லாத குடும்பத்தில், வேலைப் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரே வீட்டில் தங்க, மற்றவர் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கோ ரவாங், சுங்கை பூலோ பக்கத்து வாடகை அறைக்கோ போக நேர்கிறது. நிலம் கைமாறிய மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் மாற்று வீட்டுக்காக நீண்ட காலம் காத்திருந்ததை எண்ணினால், வரவிருக்கும் வீட்டின் மீதான உரிமையும் மணமுறிவுப் பேச்சில் இடம்பெற வேண்டிய பொருள் என்பது விளங்கும். பெரும்பகுதியை ஓய்வு வயதுக்கு முன் எடுக்க இயலாத சேமநிதி, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து பிள்ளையை மாற்றுவதா என்ற கேள்வி ஆகியவையும் இத்தகையவையே. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலம் என்று 88ஆம் பிரிவு கொள்ளும் அனுமானம், மறுக்கத்தக்கதாயினும், வயதைக் கொண்டு ஒரு தொடக்கத்தைத் தருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தந்தை வந்து பிள்ளையை எங்கே பார்ப்பது, லயத்து வாசலிலா கோயிலடியிலா என்பதை எந்தச் சட்டப்பிரிவும் சொல்லப் போவதில்லை.

இவற்றைப் பேசித் தீர்க்கும் மரபு தோட்டத்துக்குப் புதிதன்று. கங்காணி காலம் தொட்டே பஞ்சாயத்து இருந்தது; பின்னர் கோயில் தலைவரும் தொழிற்சங்கக் கிளைத் தலைவரும் அந்த இடத்தை ஏற்றனர். ஆயினும் பஞ்சாயத்தைச் சமரசத்தின் முன்வடிவமாகப் போற்றுவது பொருந்தாது. பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்வது; சமரசர் தீர்ப்புச் சொல்லாதவர். பஞ்சாயத்து ஊரறியக் கூடுவது. சமரசத்தில் பேசியது அந்த அறையைத் தாண்டக் கூடாது. தீர்ப்புச் சொல்பவர் ஒரு தரப்புக்கு மாமன் முறையாகவோ மேலாளராகவோ இருக்கும் சிற்றூரில், பெண்ணுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் பொறுத்துப் போ என்பதாகவே முடியும்.

106ஆம் பிரிவின்படி, தோல்விச் சான்றிதழ் வழங்கும் இணக்க அமைப்பு, பராமரிப்புத் தொகை, சொத்துப் பங்கீடு, வயதுவராப் பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவை குறித்துத் தன் பரிந்துரைகளையும் அதனோடு இணைக்கலாம். இந்த அதிகாரம் முறையாகப் பயன்படுமானால், சேர்த்துவைக்கும் முயற்சி முடிந்த இடத்தில் பிரிவின் நிபந்தனைகளைப் பேசும் அமர்வு தொடங்கும். அதன் விளைவைப் பரிந்துரையாக எழுதலாம், அல்லது இருவரும் ஒப்பினால் 52ஆம் பிரிவின் கூட்டு மனுவாகவே மாற்றலாம். மணமாகி ஈராண்டு கடந்தவர்கள் கொடுக்கத்தக்க கூட்டு மனுவுக்கு இணக்க அமைப்பு தேவையில்லை. ஆனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதை நீதிமன்றம் கேட்கும், அந்த ஏற்பாட்டை உருவாக்குவதே சமரசத்தின் வேலை. இணக்க அமைப்பின் முன் வழக்கறிஞர் வாதாட இயலாது என்ற விதி, ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஷா ஆலம் உயர்நீதிமன்றத்துக்கு ஒருநாள் கூலியை இழந்து போகும் தொழிலாளிக்குச் செலவைக் குறைக்கிறது. எழுதப்படிக்கத் தயங்குபவரைத் தனியே விட்டுவிடவும் செய்கிறது.

பிரிவின் நிபந்தனைகளைச் சமரசத்தில் பேசித் தீர்க்க வேண்டும் என்பது சட்டத்துக்கு அயலான கோரிக்கை அன்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்ட உதவித் துறைக்குச் சமரசப் பணி கிடைத்தது. 2012ஆம் ஆண்டின் சமரசச் சட்டம், எழுதிக் கையொப்பமிட்ட உடன்பாடு இரு தரப்பையும் கட்டும் என்கிறது. சிலாங்கூரின் ஷரியா நீதிமன்றங்களில் முஸ்லிம் குடும்பங்களுக்கு ‘சுல்ஹ்’ எனும் சமரச அவை இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே நடந்துவருகிறது. ஒரே மாவட்டத்தில் அண்டை வீட்டாருக்குக் கிடைக்கும் வசதி தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு எளிதில் எட்டாதிருப்பதற்குச் சமயம் காரணமன்று, நிருவாக அக்கறையின் அளவே காரணம். இந்த வசதி கோலா சிலாங்கூரிலேயே, ஞாயிறன்றோ மாலையிலோ, தமிழறிந்த பயிற்சி பெற்ற சமரசரைக் கொண்டு நடந்தாலன்றிப் பயன் தராது.

அடி உதை நடக்கும் வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது. அச்சுறுத்தியவனுக்கு எதிரே அமர்ந்து பேசுபவள் ஒப்புவது உடன்பாடாகாது. அங்கே 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணையே முதலில் வேண்டும். இணக்க அமைப்பைத் தவிர்க்க 106ஆம் பிரிவே விதிவிலக்கான சூழ்நிலைகளுக்கு இடம் தருகிறது; ஆகவே, முதல் அமர்வுக்கு முன்பே இருவரையும் தனித்தனியே விசாரித்து அறிவது சமரசரின் கட்டாயக் கடமையாக வேண்டும். எஞ்சிய குடும்பங்களில் அவசரத்தில் ஒப்புக்கொண்ட தாய்க்கு 97ஆம் பிரிவு கைகொடுக்கிறது: பிள்ளையின் பொறுப்போ பராமரிப்போ பற்றிய எந்த உடன்பாட்டையும், மாற்றக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தாலும், பிள்ளையின் நலன் கருதி நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.