கொரோனாக் காலத்து ஊரடங்கும் தளர்வுகளும்: தமிழ்நாட்டு மக்களின் எதிர்வினை

2020 மார்ச் முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம், கொரோனாப் பெருந்தொற்றை முன்னிட்டுத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட ஊரடங்கு உத்தரவுகளையும், அவற்றினின்று அவ்வப்போது அளிக்கப்பட்ட தளர்வுகளையும் ஜனங்கள் எவ்விதம் ஏற்றுக்கொண்டார்கள், எவ்விடத்தில் முகம் சுளித்தார்கள், எதன் பொருட்டு வீதிக்கு வந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தலைநகரான லான்சிங்கில் 2020 ஏப்ரல் 15 அன்று கார்களைக் குறுக்கே நிறுத்தி வீதிகளை அடைத்தவர்களும், அவ்வாண்டு ஆகஸ்டில் பெர்லின் நகரத்தில் திரண்டவர்களும், கட்டுப்பாடு என்பதையே தனிமனித சுதந்திரத்துக்கு விரோதமானதாகக் கருதினார்கள். தமிழ்நாட்டில் அத்தகைய இயக்கம் ஏதும் தலையெடுக்கவில்லை. அடைத்துவிட்டார்களே என்ற மனத்தாங்கலைக் காட்டிலும், எதை முதலில் திறந்தார்கள், எதைக் கடைசிவரை பூட்டி வைத்தார்கள் என்ற வரிசையைப் பற்றிய மனத்தாங்கலே இங்கே பெரிதாக இருந்தது.

மாநிலத்தின் முதல் நோயாளி 2020 மார்ச் 7 அன்று கண்டறியப்பட்டார். மார்ச் 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிரதமர் கேட்டுக்கொண்ட ஒரு நாள் சுய ஊரடங்கு ஒருவிதத் திருவிழாவாகவே கழிந்தது. மாலை ஐந்து மணிக்கு மாடிகளிலிருந்து கைதட்டலும் தட்டோசையும் எழுந்தன. ஆனால், மார்ச் 24 மாலை ஆறு மணி முதல் மாநிலமெங்கும் 144 தடை உத்தரவு அமலாகும் என்று அரசு அறிவித்தவுடன், 23-ஆம் தேதி இரவே சொந்த ஊர்களுக்குப் போய்விட வேண்டும் என்ற பதற்றத்துடன் சென்னைக் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் கூடிய ஜனத்திரள், பின்னர் பலமுறை காணப்போகும் ஒரு காட்சிக்கு முன்னோடியாயிற்று. 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்த இருபத்தோரு நாள் தேசிய ஊரடங்கு, மாநில உத்தரவின் மேலேயே வந்து கவிந்தது.

முதல் மாதத்தில் ஆக்ஷேபக் குரல் அதிகம் எழவில்லை. குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி முதலிய பொருள்களும் ரேஷன் கடைகளில் வழங்கப்பட்டன. அம்மா உணவகங்கள் திறந்தே இருந்தன. விதியை மீறி வெளியே வந்தவர்களைப் போலீஸார் தோப்புக்கரணம் போடச் சொன்னதும், சென்னையில் கொரோனாக் கிருமியின் உருவத்தில் செய்த தலைக்கவசத்தை அணிந்து சாலையில் நின்று எச்சரித்ததும் வேடிக்கை கலந்த செய்திகளாகப் பரவின. பறிமுதல் செய்யப்பட்ட இரு சக்கர வாகனங்கள் காவல் நிலைய வாசல்களில் குவிந்தபோது அந்த வேடிக்கை குறைந்தது. தொற்று கண்ட வீடுகளின் வாயிலைத் தகரம் வைத்து அடைத்ததோ, நோயைவிட அதிகமாக அவமானத்தைத் தரும் காரியமாக அக்குடும்பங்களுக்குத் தோன்றிற்று. தகரத்துக்கு அஞ்சியே பரிசோதனைக்கு வராதவர்கள் உண்டு.

அச்சத்தின் கொடிய முகம் ஏப்ரல் 19 இரவு சென்னையில் வெளிப்பட்டது. தொற்றினால் இறந்த ஒரு நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடாமல் எதிர்ப்பு எழ, வேலங்காட்டு மயானத்துக்குக் கொண்டுசென்றபோது ஒரு கூட்டம் கற்களாலும் கட்டைகளாலும் ஆம்புலன்ஸைத் தாக்கியது. உடன் வந்தவர்கள் இரத்தக் காயத்துடன் ஓட, சக மருத்துவர் ஒருவர் இரவோடிரவாகத் தாமே குழியை மூட நேர்ந்தது. சில நாட்களுக்கெல்லாம், இத்தகைய அடக்கங்களைத் தடுப்போருக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தை மாநில அரசு பிறப்பித்தது.

குறுகிய அவகாசத்தில் வரும் அறிவிப்புகள், எதைத் தடுக்க எண்ணினவோ அதையே உண்டாக்கிய சந்தர்ப்பங்களும் இருந்தன. சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களும், சேலம், திருப்பூரில் மூன்று நாட்களும் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவிக்கப்பட்டதும், மறுநாள் காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். நான்கு நாள் பட்டினி கிடக்க நேருமோ என்று அஞ்சியவனிடம் ஒரு மீட்டர் இடைவெளியைப் பற்றி உபதேசிப்பதில் பயனிராது என்பதை நிர்வாகம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஓராண்டு கழித்து, 2021 மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு விதிக்கப்படுவதற்கு முன் இரண்டு நாள் எல்லாக் கடைகளையும் திறக்கவிட்டபோதும் அதே நெரிசல் ஏற்பட்டது.

கோயம்பேடு அங்காடியின் கதை இதனோடு சேர்ந்தது. 1996-இல் திறக்கப்பட்டு, சுமார் 295 ஏக்கர் பரப்பில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளுடன் நகரத்துக்கு உணவளித்து வந்த அம்மொத்தச் சந்தை, அத்தியாவசியம் என்ற பெயரால் முழுமையாக மூடப்படவில்லை. ஏப்ரல் இறுதியில் அங்கே தோன்றிய தொற்று, ஊர் திரும்பிய சுமை தூக்குவோர் மூலமாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்குப் பரவிற்று. மே 5 அன்று அங்காடி பூட்டப்பட்டது. வேறிடத்துக்கு மாறச் சொல்லியும் வியாபாரிகள் இணங்கவில்லை என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூற, வணிகர் தரப்பினர் அதை மறுத்தனர். திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்கப்பட்டது. அங்கே மழை பெய்தால் சேறு என்றும், வாடிக்கையாளர் வருவதில்லை என்றும் புலம்பிக்கொண்டு வியாபாரிகள் நாலைந்து மாதம் கழித்தார்கள். செப்டம்பர் இறுதியில்தான் காய்கறிக் கடைகள் கோயம்பேட்டுக்குத் திரும்பின.

இப்பெருந்தொற்றுக் காலத்தின் தளர்வுகளிலெல்லாம் பொதுஜன அபிப்பிராயத்தை ஆழமாகப் பிளந்தது மதுக்கடைத் திறப்பேயாகும். அரசின் ஏகபோகமான டாஸ்மாக் நிறுவனத்தின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மார்ச் 24 மாலையில் அடைக்கப்பட்டு நாற்பத்து மூன்று நாட்கள் பூட்டிக் கிடந்தன. மதுவுக்குப் பதிலாக வார்னிஷையும் வேறு இரசாயனங்களையும் குடித்து மாண்டவர்களின் செய்திகள் ஒருபுறம் வந்துகொண்டிருக்க, குடிப்பழக்கத்தால் நொந்த குடும்பங்களில், குறிப்பாகப் பெண்களிடையே, இப்படியே நிரந்தரமாக மூடிவிடக் கூடாதா என்ற ஆசை மறுபுறம் முளைத்தது. மே 7 முதல், சென்னை நீங்கலாக, கடைகள் திறக்கப்படும் என்று அரசு அறிவித்தது. அண்டை மாநிலங்களில் கடைகள் திறந்துவிட்டபடியால் எல்லை தாண்டிச் செல்வோரைத் தடுக்க இயலவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஆண்டுக்குச் சுமார் முப்பதாயிரம் கோடி ரூபாய் வருவாய் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை பத்து முதல் ஒரு மணி வரை, நாற்பது முதல் ஐம்பது வரையுள்ளவர்களுக்கு மூன்று மணி வரை, இளையவர்களுக்கு ஐந்து மணி வரை என்று வயதுவாரியாக நேரம் பகுக்கப்பட்டிருந்தது. திருப்பூர் மாவட்டத்தில் குடையுடன் வருபவர்களுக்கே மது என்று விதித்தார்கள். குடை விரித்தால் இடைவெளி தானே வரும் என்பது யோசனை, மோசமான யோசனையுமன்று. மூங்கில் தடுப்புகளுக்கிடையே கிலோமீட்டர்க் கணக்கில் வரிசைகள் நீண்டன. விலை உயர்த்தப்பட்டிருந்தும் அன்றொரு நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்பனை நடந்தது. அதே நாளில் தி.மு.க.வும் தோழமைக் கட்சியினரும் கறுப்பு உடையுடன் தத்தம் வீட்டு வாசலில் நின்று கண்டனம் தெரிவித்தார்கள். பல ஊர்களில் பெண்கள் கடைகளின் முன் அமர்ந்து மறித்தார்கள். கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், விதித்த நிபந்தனைகள் மீறப்பட்டன என்று கண்ட சென்னை உயர் நீதிமன்றம் மே 8 அன்று கடைகளை மூட உத்தரவிட்டது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மீண்டும் கடைகளைத் திறந்தால் ஆட்சிக்குத் திரும்பும் கனவை மறந்துவிட வேண்டும் என்று நடிகர் ரஜினிகாந்த் எச்சரித்தார். மே 15 அன்று உச்ச நீதிமன்றம் தடை வழங்க, மறுநாளே கடைகள் திறந்தன. இம்முறை ஒரு கடைக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு டோக்கன் என்ற வரம்புடன்.

இதற்குப் பின் வந்த எந்தத் தளர்வையும், எந்தத் தடையையும், ஜனங்கள் மதுக்கடையோடு ஒப்பிட்டே நிறுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 'டாஸ்மாக் திறந்திருக்கும்போது' என்று தொடங்காத புகார் அபூர்வம். மதுரையில் மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பக்தர்களின்றி நான்கு பட்டர்கள் நடத்தி முடித்திருந்தார்கள்; இலட்சக்கணக்கானோர் கூடும் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் வைபவம் நடைபெறவேயில்லை. சுமங்கலிப் பெண்கள் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே வீட்டில் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அப்போது அதைக் குறைகூறியவர்கள் சிலரே. மூன்று நாளில் மதுக்கடை திறந்தபின் அதே பூட்டிய கோயில் வேறு விதமாகத் தோன்றலாயிற்று. இந்து முன்னணியினர் கோயில்களின் முன் ஒற்றைக் காலில் நின்று போராடினார்கள். ஜூலை 1 முதல் கிராமங்களின் சிறு கோயில்களும், செப்டம்பர் 1 முதல் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறக்கப்பட்டன.

முடிதிருத்தும் நிலையங்கள் மே மாதப் பிற்பகுதியில் முதலில் கிராமங்களிலும், ஜூன் 1 அன்று சென்னையிலும் திறந்தன. வருபவரிடம் ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி கேலிக்குள்ளாயிற்று. இ-பாஸ் முறை கேலிக்குரியதாக மட்டும் நிற்கவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இணையவழி அனுமதி வேண்டும் என்ற நிலையில், சாவு வீட்டுக்குப் போக விண்ணப்பித்தவனுக்கு மறுக்கப்பட, தரகரிடம் பணம் கொடுத்தவனுக்குக் கிடைக்கிறது என்ற குற்றச்சாட்டு மாநிலமெங்கும் ஒலித்தது. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தவர்க்கெல்லாம் அனுமதி என்று தளர்த்தி, செப்டம்பரில் மாநிலத்துக்குள் அதை அடியோடு நீக்கினார்கள். இதனிடையே, ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மீண்டும் முழு ஊரடங்கு என்றதும் குடும்பம் குடும்பமாக நகரத்தை விட்டு வெளியேறியவர்களின் வாகனங்கள் செங்கற்பட்டை அடுத்த சுங்கச் சாவடியில் தேங்கி நின்றன. சென்னையிலிருந்து வருகிறான் என்பதே சில கிராமங்களில் ஊருக்குள் விட மறுக்கப் போதுமான காரணமாயிற்று.

அந்த ஜூன் 19 அன்றே தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்கு மேல் செல்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டிப் போலீஸார் அழைத்துச் சென்ற தந்தையும் மகனும், காவலில் துன்புறுத்தப்பட்டபின் ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து மாண்டார்கள். ஊரடங்கு நாட்களில் தடியடியைக் கண்டும் காணாதிருந்த, சில வேளைகளில் ரசிக்கவும் செய்த பொதுஜன அபிப்பிராயம் ஒரே வாரத்தில் திரும்பியது. வணிகர்கள் கடையடைத்தார்கள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, அக்காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைத்தது, விசாரணையை ஏற்ற சி.பி.ஐ. காவல் துறையினர்மேல் கொலைக் குற்றம் சாட்டியது. விதியை மீறியவனுக்கு அடி விழுவது நியாயமே என்ற பேச்சு அதன்பின் முன்போல் பகிரங்கமாகக் கேட்கவில்லை.

திரையரங்குகள் 2020 நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளுடன் திறந்தன. பொங்கல் படங்களை முன்னிட்டு 2021 ஜனவரி 4 அன்று முழு இருக்கைகளுக்கும் அரசு அனுமதி வழங்கியபோது, ஓய்ந்து போயிருந்த ஓர் இளம் மருத்துவர் நடிகர்களுக்கும் அரசுக்கும் எழுதிய பகிரங்கக் கடிதம் நாடெங்கும் படிக்கப்பட்டது. மத்திய உள்துறையும் ஆட்சேபிக்க, நான்கு நாளில் அனுமதி வாபஸாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலையொட்டிய பிரசாரக் கூட்டங்களை எந்தக் கட்சியும் சுருக்கிக்கொள்ளவில்லை. ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு வந்தபோது, வாக்குக் கேட்க வந்தபோது பரவாத நோயா என்று கேட்டவர்களுக்கு எக்கட்சியும் பதில் கூறவில்லை. தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றமே கடுமையாகக் கண்டித்தது.

மே 7 அன்று ஆட்சிப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் அரசு, மே 10 முதல் முழு ஊரடங்கை விதித்து, ஜூன் 14 முதல் தொற்றுக் குறைந்த 27 மாவட்டங்களில் மதுக்கடைகளைத் திறந்தது. முந்தைய ஆண்டு கறுப்பு உடையில் நின்றவர்கள் இப்போது ஆட்சியில் இருந்தபடியால், வீட்டு வாசலில் பதாகையுடன் நிற்கும் முறை பாரதீய ஜனதாக் கட்சியினருடையதாயிற்று. முதலில் வெளியான பட்டியலில் மதுக்கடை இருக்க, தேநீர்க் கடை இல்லை. இந்த விந்தை சுட்டிக்காட்டப்பட்டபின் பார்சலுக்கு மட்டும் என்று தேநீர்க் கடைகளும் சேர்க்கப்பட்டன. அக்டோபரில் வெள்ளி முதல் ஞாயிறு வரை கோயில்களை மூடும் விதியை எதிர்த்து மீண்டும் போராட்டம் எழ, விஜயதசமிக்கு முந்திய நாள் அது நீக்கப்பட்டது.

வரிசையில் கடைசியாக வந்தவை பள்ளிகள். பத்தாம் வகுப்புத் தேர்வை நடத்தியே தீருவது என்று 2020 ஜூன் வரை நின்ற அரசு, நீதிமன்றத்தின் கேள்விகளுக்கும் பெற்றோரின் அச்சத்துக்கும் இடங்கொடுத்து ஜூன் 9 அன்று அதை ரத்து செய்தது. கல்லூரிகளில் அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியவரெல்லாம் தேர்ச்சி என்று ஆகஸ்டில் அறிவித்தபோது, முதலமைச்சரை வாழ்த்தி மாணவர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள். நவம்பர் 16 அன்று உயர் வகுப்புகளைத் திறக்கலாமா என்று பெற்றோரைக் கேட்டபோது எழுந்த எதிர்ப்பினால் அத்திட்டம் தள்ளிப்போயிற்று. மதுக்கடைக்காகவும், கோயிலுக்காகவும், திரையரங்குக்காகவும் வாதாடியவர்கள் ஏராளம். ஒன்றாம் வகுப்புக்காக வீதியில் நின்றவர்கள் ஏறக்குறைய யாருமில்லை. செல்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் செங்கற்சூளைக்கும் பஞ்சாலைக்கும் போய்விட்டதை ஆசிரியர்கள் சிலரும் கல்வியாளர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு, விட்டுப்போன பாடங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வேளைகளில் கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை விழுப்புரம் மாவட்டத்தில் அரசு தொடங்கியிருந்தது.