குராஃபாவும் மழைக்கால இரவுகளும்

ஐயம்பேட்டை என்றதும் நம் வாசகருள் பலருக்குத் தஞ்சைச் சீமையிலுள்ள ஊரே நினைவில் எழும். நாம் குறிப்பது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையிலுள்ள நெசவாளர் ஊரை. அங்கே ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் தறியோசை தளரும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட வெயில் வேண்டும். நெசவாளி கால் வைக்கும் தறிக்குழியிலோ நீர் ஊறும். கை ஓய்ந்த அந்நாள்களில் வாய் ஓயாது. இரவு விளக்கைச் சுற்றிக் குடும்பம் கூடும். புளியமரத்து முனியும் கிணற்றடிப் பெண்ணும் கதையில் வருவார்கள். முஸ்லிம் இல்லங்களில் முனியின் இடத்தில் ஜின் வந்து அமரும்.

இவற்றைக் 'குராஃபாத்' என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது மேடைப் பேச்சாளர் வழக்கம். அச்சொல்லின் வரலாறோ சுவையானது. குராஃபா என்பார் உத்ரா கோத்திரத்தவர். அறியாமைக் காலத்தில் ஜின்கள் அவரைச் சிறைபிடித்துச் சென்றனவாம். நெடுநாள் கழித்து மீண்டவர் தாம் கண்ட விந்தைகளைக் கூற, நம்பற்கரிய செய்திக்கெல்லாம் 'குராஃபாவின் பேச்சு' என்ற பெயர் நிலைத்தது. (இலையுதிர் காலத்தைக் குறிக்கும் 'கரீஃப்' என்னும் அரபுச் சொல்லும் இதே வேரினது என்பது ஒரு வேடிக்கை.) பெருமானார் (ஸல்) அவர்கள் ஓரிரவு தம் மனைவியரிடம் கதை கூறுகையில் இவ்வரலாற்றை விளக்கியதாக இமாம் திர்மிதீ 'ஷமாயில்' நூலில் பதிந்துள்ளார்கள். அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்போர் உளர். ஆதலின் அதை நாம் சட்டத்திற்குச் சான்றாக்கவில்லை. ஆனால் இஷாவுக்குப் பின் பேசுவதைப் பெருமானார் விரும்பவில்லை என்ற ஹதீதைத் தந்த இமாம் புகாரீயே, விருந்தினரோடும் குடும்பத்தாரோடும் இரவில் உரையாடுவதற்கென ஒரு தனித் தலைப்பும் வகுத்துள்ளார்கள்.

கொலையுண்டவனின் ஆவி ஆந்தையாகிப் பழி தீருமட்டும் அலறும் என்று பண்டை அரபியர் நம்பினர். 'ஹாமா' எனப்பட்ட அந்நம்பிக்கையைப் பெருமானார் மறுத்துவிட்டார்கள். எனவே இறந்தோர் ஆவி அலைகிறது என்பதை நாம் ஏற்பதற்கில்லை. திருமறையின் 72ஆம் அத்தியாயமே ஜின்களின் பெயரால் அமைந்திருக்க, அப்படைப்பை மறுப்பதற்கும் இல்லை. சுலைமான் நபி (அலை) சிறையிட்ட ஜின்களைப் பற்றிய தாமிரப் பட்டணக் கதையை அரபுத் தமிழில் தந்தவர்கள் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களல்லவா!

நம் கவலை வேறு. பேய் தோன்ற வேண்டுமானால், இரவில் ஒருவர் நடந்து வந்தாக வேண்டும். அவர் யார்? பட்டு நூல் வாங்கக் காஞ்சிக்குப் போனவரா, கூலி பெற்றுத் திரும்பியவரா? கிணற்றடியில் நிற்பவள் எந்த வீட்டுப் பெண்? எந்த ஆண்டில் இறந்தாள்? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சமும், அதனோடு வந்த காலராவும், 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலும் அரசாங்க ஏடுகளில் எண்களாகக் கிடக்கின்றன. பாட்டிமார் கதையில்தான் அவை ஆட்களாக நிற்கின்றன. அச்சத்தைக் களைகிறோம் என்று கதையையே வாயடைத்தால், பேயோடு பாட்டனாரும் போய்விடுவார்.

இன்றைய பிள்ளைகளிடம் ஜின் கதை கேட்டால், திரையில் கண்டதைச் சொல்கிறார்கள். அதில் ஊரும் இல்லை, உறவும் இல்லை. கிணற்றடிப் பெண்ணின் பெயர் பல வீடுகளில் எண்பது வயதுப் பாட்டி ஒருவருக்கே தெரியும். அவரும் யாரேனும் கேட்டால்தான் சொல்வார்.