காகித மார்க்கும் ரெண்டன்மார்க்கும்

விலைவாசி ஏறும் காலத்தில் கைப்பொருளைக் காப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு ஜெர்மனியின் வரலாறு தெளிவான விடை தருகிறது. 1914இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4.2 மார்க் ஈடாக இருந்தது. அரசு போர்ச் செலவுக்குக் கடன் வாங்கியும், நோட்டுகளை அச்சிட்டும் காலந்தள்ளிற்று. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர்ப் பகுதியுட் புகுந்தன. வேலை செய்ய மறுத்த தொழிலாளரைப் பேணவும் நோட்டுகளே அச்சிடப்பட்டன. நவம்பரில் டாலரின் விலை 4.2 இலட்சம் கோடி மார்க்! வகுப்பில் இதைக் கற்பிக்கையில், 42க்குப் பின் 11 சுழிகளைக் கரும்பலகையில் இடச் சொல்வேன், மாணவர் சிரிப்பர். அந்நாட்டு முதியோர் சிரிக்கவில்லை. போர்க்கடன் பத்திரங்களையும் வங்கிச் சேமிப்பையும் மட்டுமே நம்பியிருந்தோர், வாழ்நாள் சேமிப்பைப் பெரும்பாலும் இழந்தனர்.

கடன் வாங்கிச் சொத்துச் சேர்த்தவர் பிழைத்தனரோ? ஹூகோ ஸ்டின்னஸ் என்பார் கடன் பெற்றுச் சுரங்கம், ஆலை, கப்பல் என வாங்கிக் குவித்தார். பணம் மதிப்பிழக்க, கடனும் கரைந்தது. ஆனால் 1923 நவம்பரில், நில அடைமானத்தை ஆதாரமாகக் கொண்ட ரெண்டன்மார்க் வெளிவந்தது. ஓர் இலட்சம் கோடி காகித மார்க்குக்கு ஒன்று என அதன் மதிப்பு வகுக்கப்பட்டது. நாணயம் நிலைபெற்றதும் கடன் கிடைப்பது அரிதாயிற்று, வட்டி உயர்ந்தது. 1924இல் ஸ்டின்னஸ் மறைந்தார். மறு ஆண்டே அவரது தொழிற்பேரரசு சிதைந்தது.

நேயர்களே, பணவீக்கம் சேமிப்பவனை அரிக்கும்; பின்வரும் மந்தம் கடனாளியை வீழ்த்தும். ஆதலின் ஒரு பகுதியை நிலம், பங்கு போன்ற உடைமைகளிலும், அவசரத்திற்கு வேண்டியதை ரொக்கமாகவும் வைத்து, கடனின்றி வாழ்வதே என் போன்ற ஓய்வூதியக்காரருக்கு ஏற்ற அரண். பெருஞ்செல்வம் சேராது; முதுமையில் பிறர் கையை எதிர்பாராதிருக்கலாம்.